கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இட்லி மாவு வியாபாரம்: அளவும் நேரமும் கணக்கும்

சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்யும் வேலைக்கு ஒரு குணம் கட்டாயம் வேண்டும்: நடுவில் விட்டுவிட்டு எழுந்துபோனாலும் அது கெட்டுப்போகக் கூடாது. மாவு வியாபாரம் பெரும்பாலும் அப்படிப்பட்டது. பாதி நேரம் அரிசி ஊறுகிறது, மீதி நேரம் கிரைண்டர் ஓடுகிறது. ஆனாலும் இதில் லாபம் எவ்வளவு, எங்கே நஷ்டம் வரும் என்று தெரிந்துகொண்டு இறங்குவதுதான் நல்லது.

முதலில் அளவு. 1 கிலோ இட்லி அரிசிக்கு 250 கிராம் முழு வெள்ளை உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம், 25 முதல் 30 கிராம் உப்பு. இதில் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ மாவு கிடைக்கும். உளுந்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய உளுந்து எவ்வளவு ஆட்டினாலும் பொங்கி வராது. மாவும் குறையும், இட்லியும் கல்லாகும். புது மூட்டை வாங்கும்போது கால் கிலோவை மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். வெந்தயம் கூடினால் தோசை சிவக்கும், கசப்பும் தட்டும்.

அரிசி நான்கு ஐந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. அதிகம் ஊறிய உளுந்து உப்பிவராது. ஊறிய தண்ணீரை ஃபிரிட்ஜில் குளிரவைத்து, ஆட்டும்போது அதையே தெளிக்கவும். கல் உரசும் சூட்டில் மாவு வெதுவெதுப்பானால் காற்று பிடிக்காது, விற்பதற்குள் புளிக்கவும் தொடங்கிவிடும். உளுந்தை ஆட்ட அரை மணி நேரம் வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அரிசியை 20 முதல் 25 நிமிடம் ஆட்டி, விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை தட்டும்போதே எடுத்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் 2 லிட்டர் கிரைண்டரில் ஒரு ஈட்டுக்கு இந்த அளவுதான் தாங்கும். உளுந்தை 300 கிராமுக்கு மேல் போட்டால் பொங்கி வழியும். இரண்டு ஈடு போட்டால் ஐந்தரை கிலோ மாவு. கழுவித் துடைப்பதையும் சேர்த்து இரண்டரை மணி நேரம். தொடக்கத்துக்கு இது போதும். முதல் மாதமே பெரிய டில்டிங் (சாய்த்து மாவை எடுக்கும்) கிரைண்டருக்குக் கடன் வாங்க வேண்டாம்.

இனி பணம். அரிசி கிலோ 45, உளுந்து கிலோ 130 என்று வைத்துக்கொண்டால், ஒரு ஈட்டுக்கு அரிசி 45, உளுந்து 32.50, உப்பு வெந்தயம் 4, மின்சாரம் ஒன்றரை ரூபாய், ஆக 83. ஒரு கிலோ மாவின் அடக்கம் 30 ரூபாய். 50 ரூபாய்க்கு விற்றால் கிலோவுக்கு 20 நிற்கும். நாளுக்கு ஐந்தரை கிலோ, மாதம் 25 நாள் என்றால் 2,750 ரூபாய். பத்து கிலோ போனால் 5,000. உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்தக் கணக்கை மாதாமாதம் திருப்பிப் போடுங்கள். உளுந்து விலை ஏறியதைக் கவனிக்காமல் பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் தவறு. வாங்குவதற்கும் விற்பதற்கும் தனி டப்பா வையுங்கள். வீட்டுச் செலவுப் பணத்தோடு கலந்தால் லாபமே தெரியாது.

லாபம் போதவில்லை என்றால் மாவைக் கூட்டுவதைவிட, அதே வாடிக்கையாளருக்கு இட்லிப் பொடியும் அடை மாவும் கொடுப்பது நல்லது. பொடியில் கிலோவுக்கு நிற்கும் காசு அதிகம், சீக்கிரம் கெடவும் கெடாது. வறுப்பதைக் குழந்தை தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க ஆறும் முன் பாட்டிலில் போட்டால் உள்ளே வியர்த்துச் சிக்கு வாடை வந்துவிடும்.

ஆர்டர் இல்லாமல் அரிசியை ஊறப்போடாதீர்கள். தெரு, அடுக்குமாடிக் குடியிருப்பு, ஸ்கூல் வாசல் அம்மாக்கள் என்று 15 வீடு சேர்ந்தால் ஒரு வாட்ஸ்அப் குழு போதும். முந்தின இரவு 9 மணிக்குள் சொன்னவர்களுக்கு மட்டும் மறுநாள் மாலை மாவு. காலை 8 மணிக்கு அரிசி ஊறும், 11 மணிக்கு உளுந்து, மதியம் ஆட்டல், 5 மணிக்குக் கொடுத்து முடித்தாயிற்று. மீந்த பழைய மாவை மறுநாள் மாவில் கலக்கவே கூடாது. மொத்தமும் வேகமாகப் புளித்துவிடும். அதை வீட்டில் குழிப்பணியாரமாக ஊற்றிவிடுங்கள்.

பாக்கெட்டுக்குப் பதில் பாத்திரம் கொண்டுவரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தூக்குப் பைகளுக்குத் தடை உண்டு. அதுபோக, புளிக்கும் மாவிலிருந்து வாயு வருவதால் இறுக்கி ஒட்டிய கவர் உப்பி வெடிக்கும். பாத்திரத்திலும் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். கரண்டிக் கணக்கு, டம்ளர் கணக்கு வேண்டாம். பொங்கிய மாவில் பாதி காற்று. எடை போட்டுக் கொடுத்தால்தான் இரு பக்கமும் நியாயம். தராசு அரசு முத்திரை பெற்றதாக இருக்கட்டும்.

வீட்டில் சமைத்து விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம். சிறு வியாபாரிகளுக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். புகைப்படமும் அடையாள அட்டையும் வைத்து ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இடைத்தரகர் தேவையில்லை.

குழந்தை விஷயத்தில் சில இடங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தவழும், நடக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் அரிசி ஊறும் அண்டாவையும் தண்ணீர் வாளியையும் தரையில் வைக்காதீர்கள். அரை வாளித் தண்ணீரில்கூடக் குழந்தை மூழ்கும். கல் சுற்றும்போது சின்னக் கை உள்ளே போனால் எடுக்க முடியாது. கிரைண்டர் ஓடும் அறைக்குக் கதவோ தடுப்போ வேண்டும், நிறுத்தியதும் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். அந்த இரண்டரை மணி நேரம் பெரியவர் ஒருவர் குழந்தையோடு இருந்தால்தான் ஆட்ட வேண்டும். அம்மாவோ மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ, யார் என்பதை முன்பே பேசி வையுங்கள்.

டயபர் மாற்றிய கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாமல் மாவைத் தொடவே கூடாது. குழந்தைக்கோ உங்களுக்கோ வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் அன்று கடை இல்லை. குழுவில் "இன்று மாவு இல்லை, நாளை மறுநாள் பார்க்கலாம்" என்று காலையிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். முன்பணம் கொடுத்தவர்களுக்கு அந்த நாளைக் கணக்கில் கழித்து எழுதி வையுங்கள்.