அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப்பில் வைஃபை போய்விட்டதா? எதை எந்த வரிசையில் பார்ப்பது

விண்டோஸ் அப்டேட் முடிந்து லேப்டாப் திரும்ப எழுந்ததும் வைஃபை மட்டும் எழவில்லை என்றால் கார்டு கெட்டுப்போய்விட்டதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் புதிதாக வந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஒத்துவரவில்லை, அல்லது ரீஸ்டார்ட்டின்போது கார்டு பாதியில் மாட்டிக்கொண்டது. இணையத்தில் தேடினால் ‘நெட்வொர்க் ரீசெட் அடியுங்கள்’ என்பார்கள். அதை முதலில் செய்யாதீர்கள். ஏன் என்பது கீழே வரும்.

போனில் அதே வைஃபை வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். போனிலும் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ரவுட்டரில் அல்லது இணைய இணைப்பில், லேப்டாப்பை விட்டுவிடலாம்.

தற்காலிக இணையம்

டிரைவர் இறக்க வேண்டிவரும், அதற்கு நெட் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் இருக்கும் ‘யூஎஸ்பி டெதரிங்’கை ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் லேப்டாப் அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் வகையாக இருந்தால் அந்த ஆப்ஷன் மங்கலாகவே கிடக்கும். வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள்.

எந்த வகைக் கோளாறு?

விண்டோஸ் கீயுடன் எக்ஸ் கீயை அழுத்தி, வரும் பட்டியலில் ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்பதை விரியுங்கள். வைஃபை, வயர்லெஸ் அல்லது 802.11 என்ற சொல் உள்ள வரிதான் உங்கள் கார்டு. இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் இவற்றில் ஒரு பெயர் முன்னால் இருக்கும். அந்தப் பெயரை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரியே இல்லை, அல்லது மஞ்சள் முக்கோணம் நிற்கிறது என்றால் படி 1. வரி சுத்தமாக இருக்கிறது, ஆனால் நெட்வொர்க் தெரியவில்லை, அல்லது விட்டுவிட்டு அறுந்துபோகிறது என்றால் படி 2. இணைந்துவிட்டது, ஆனால் ‘நோ இன்டர்நெட்’ என்கிறது என்றால் நேராகப் படி 3.

படி 1: கார்டுக்குப் போகும் மின்சாரத்தை முழுவதும் துண்டியுங்கள்

பலர் தவறவிடும் படி இது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ ஆனில் இருந்தால் டிரைவர்களின் நிலையை டிஸ்க்கில் சேமித்து, அடுத்த முறை அதையே ஏற்றும். மாட்டிக்கொண்ட நிலையும் சேர்ந்தே திரும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் புதிதாகத் தொடங்கும், ஆனால் அதிலும் கார்டுக்குப் போகும் மின்சாரம் நிற்காமல் இருக்கலாம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள்: ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சார்ஜர், யூஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரி வெளியே எடுக்கக்கூடிய மாடல் என்றால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். நடுவில் லேப்டாப் ஆன் ஆவதுபோல் தெரிந்தாலும் விடாதீர்கள், தானே அணைந்துவிடும். பிறகு சார்ஜர் செருகி ஆன் செய்யுங்கள்.

இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 கார்டுகளில் ‘கோட் 10’ என்று வந்து நிற்கும் கோளாறு பல நேரம் இதிலேயே தீர்ந்துவிடும். கோட் எண்ணைப் பார்க்க, மஞ்சள் முக்கோண வரியை டபுள் கிளிக் செய்தால் ‘டிவைஸ் ஸ்டேட்டஸ்’ பெட்டியில் இருக்கும். 10 என்றால் டிவைஸ் தொடங்க முடியவில்லை என்று பொருள். 

முக்கோணம் மட்டும் போகவில்லை என்றால் படி 2-க்குப் போங்கள். இதற்குப் பிறகும் வரியே வரவில்லை என்றால் பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) வயர்லெஸ் ‘டிசேபிள்’ ஆகியிருக்கிறதா பாருங்கள். அங்கேயும் சரியாக இருந்து கார்டு மட்டும் தென்படவில்லை என்றால்தான் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

படி 2: டிரைவரைப் பழையதுக்குத் திருப்புங்கள்

ஏரோப்ளேன் மோட் ஆனில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, கார்டு வரியை டபுள் கிளிக் செய்து ‘டிரைவர்’ டேபுக்குப் போங்கள். அங்கே இருக்கும் ‘டிரைவர் டேட்’டைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது தயாரிப்பாளர் போட்ட தேதி, உங்கள் லேப்டாப்பில் ஏறிய தேதி அல்ல. நம்ப வேண்டியது வெர்ஷன் எண்ணை.

‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்துங்கள். காரணம் கேட்கும், எதைத் தேர்ந்தெடுத்தாலும் வேலை நடக்கும். முடிந்ததும் ரீஸ்டார்ட்.

அந்த பட்டன் மங்கலாக இருக்கிறதா? பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை என்று அர்த்தம். அப்போது ‘அப்டேட் டிரைவர்’, ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’, ‘லெட் மீ பிக்’ என்று உள்ளே போனால் சில நேரம் 2, 3 வெர்ஷன்கள் வரிசையாக நிற்கும். இப்போது உள்ளதைவிடக் குறைந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

அதுவும் இல்லையென்றால் லேப்டாப் தயாரிப்பாளரின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலைக் கொடுத்து வயர்லெஸ் டிரைவரை இறக்குங்கள். இறக்கி டிஸ்க்கில் வைத்த பிறகுதான் ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுக்க வேண்டும். டிரைவரையும் நீக்கச் சொல்லும் டிக் பெட்டி அதில் உண்டு. கையில் மாற்று இல்லாமல் அதை டிக் செய்தால் இருந்ததும் போய்விடும். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள்.

அறுந்து அறுந்து வருபவர்கள் கூடுதலாக ஒன்று செய்யலாம். அதே ஜன்னலில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ டேப் இருந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த இந்த டிவைஸை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

படி 3: இணைந்திருக்கிறது, நெட் இல்லை

முதல் சந்தேகம் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் மென்பொருள்), அடுத்தது வெளியிலிருந்து போட்ட ஆன்டிவைரஸ். இரண்டும் நெட்வொர்க்கின் நடுவில் தங்கள் வடிகட்டியைச் செருகிவைப்பவை. பெரிய அப்டேட்டில் அது உடைந்தால் வைஃபை இணைந்ததாகவே காட்டும், எதுவும் திறக்காது. விபிஎன்னை நிறுத்துவது போதாது. அன்இன்ஸ்டால் செய்து பாருங்கள்.

அடுத்து செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து ஐபிவி4 முகவரியை (நெட்வொர்க்கில் லேப்டாப்புக்கு உள்ள எண்) பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி வரவில்லை, லேப்டாப் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது. ‘ஐபி அசைன்மென்ட்’ ஆட்டோமேட்டிக்கில் இருக்கட்டும். அந்த நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ செய்து, பாஸ்வேர்ட் கொடுத்து மறுபடி இணையுங்கள். ப்ராக்ஸி (இணையத்துக்கு நடுவில் நிற்கும் இடைநிலை சர்வர்) ஆனில் இருந்தால், நீங்களாகப் போட்டதில்லை என்றால், அணைத்துவிடுங்கள்.

படி 4: நெட்வொர்க் ரீசெட்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் வழியாக. விண்டோஸ் 10-இல் ‘ஸ்டேட்டஸ்’ பக்கத்தின் அடியில். இது எல்லா அடாப்டர்களையும் நீக்கித் திரும்பப் போடும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டிவரும். டிரைவர் கோளாறு என்றால் அதே கெட்ட டிரைவர்தான் திரும்ப ஏறும். அதனால்தான் இது கடைசிப் பக்கம்.

படி 5: அப்டேட்டையே எடுத்துவிடுவது

‘விண்டோஸ் அப்டேட்’, ‘அப்டேட் ஹிஸ்டரி’, ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. கோளாறு தொடங்கிய தேதியில் ஏறியதைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். வெர்ஷனே மாறிய பெரிய அப்டேட் என்றால் ‘ரெகவரி’ பக்கத்தில் ‘கோ பேக்’ இருக்கும். வழக்கமாக 10 நாள்தான் அவகாசம்.

அலுவலகம், கல்லூரி வைஃபையில் மட்டும் இணையவில்லை, வீட்டில் சரியாக வருகிறது என்றால் இந்தப் படிகளில் நேரத்தை வீணாக்காதீர்கள். 2023 டிசம்பரில் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டில் இப்படித்தான் நடந்தது. மைக்ரோசாஃப்டே அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. அங்குள்ள ஐடி பிரிவிடம் அப்டேட் எண்ணைச் சொல்லுங்கள்.

டிரைவரைத் திருப்பியவர்களும் அப்டேட்டை நீக்கியவர்களும் உடனே விண்டோஸ் அப்டேட்டில் ‘பாஸ்’ (தற்காலிக நிறுத்தம்) போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நீக்கியது இரவோடு இரவாகத் திரும்ப வந்து உட்காரும்.