சூடு ஏறினால் காபன் உருக்கு எவ்வளவு அரிக்கும்? மலைநாட்டு ஆய்வுகூடத்தில் அளந்து பார்க்கும் முறை

எதனோல் கலந்த அமிலக் கரைசலில் உருக்குத் தகட்டை மூன்று வெப்பநிலைகளில் ஒரு வாரம் வைத்து, இழக்கும் நிறையை ஒப்பிடுவதே முறை. புத்தகம் 'அறை வெப்பநிலை' என்று 25 பாகை செல்சியசைச் சொல்லும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே ஏறக்குறைய 16 பாகைதான், அதுவும் பகலுக்கும் இரவுக்கும் மாறும். ஆகவே மேசையில் சும்மா வைத்த போத்தலை ஒப்பீட்டுக்கு எடுக்கவேண்டாம். 25, 40, 55 பாகை மூன்றுக்குமே வெப்பச்சீராக்கியுள்ள நீர்த்தொட்டி வேண்டும். சூடாக்கும் தட்டு எனக்குப் பிடிக்காது: அடி கொதிக்கும், மேல் ஆறிக்கிடக்கும். தீச்சுவாலை அறவே கூடாது, எதனோல் பற்றிக்கொள்ளும்.

கரைசல் 2 லீற்றருக்கு: எதனோல் 1400 மி.லீ., காய்ச்சி வடித்த நீர் 580, தூய அசற்றிக்கமிலம் 20. எதனோல் தனியே இருந்தால் அரிப்பு மிக மெதுவாக நடக்கும், ஒரு வாரத்தில் நிறையில் தெரியாது.

தகடு 50×25×3 மி.மீ. மென்னுருக்கு (காபன் குறைந்த உருக்கு). 120ஆம் இலக்க மணல் கடதாசியால் தேய்த்து, அசற்றோனில் கழுவி, உலர்த்தி, 0.1 மி.கி. வரை நிறுக்கவும். மேற்பரப்பு 29.5 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீட்டருக்குக் குறைந்தது 20 மி.லீ. கரைசல் வேண்டும், எனவே போத்தலுக்கு 600 மி.லீ. தகட்டைத் தங்கூசி நூலில் தொங்கவிடுங்கள். செப்புக் கம்பி பட்டால் மின்கல அரிப்பு (இரு உலோகங்கள் தொடுவதால் வருவது) சேர்ந்துவிடும்.

போத்தலை இறுக மூடக்கூடாது, அமிலத்தால் ஐதரசன் வரும். திறந்து வைத்தாலோ எதனோல் முந்திப் பறந்து நீரின் பங்கு கூடும். பிறகு நீங்கள் அளப்பது வெப்பநிலையை அல்ல, மாறிப்போன கலவையை. ஆவியைக் குளிர்வித்துத் திரும்பப் போத்தலுக்குள் விடும் மீள்பாய்வு ஒடுக்கியைப் பொருத்தி, மேல்முனையைத் திறந்தே விடுங்கள். நுவரெலியா உயரத்தில் எதனோல் 73 பாகையளவிலேயே கொதிப்பதால் 55ஐத் தாண்டாமலிருப்பது நல்லது.

168 மணித்தியாலம் கழித்து எடுங்கள். பலர் இடறுவது இங்கேதான். துருவை நீக்க 500 மி.லீ. செறிந்த ஐதரோக்குளோரிக் அமிலம், 3.5 கிராம் எக்சமின் (அமிலம் உலோகத்தைத் தின்பதைக் குறைப்பது), நீர் சேர்த்து 1 லீற்றர். 20 முதல் 25 பாகையில் 10 நிமிடம். குளிர்ந்த அறையில் இந்தக் கரைசலும் குளிர்ந்து கிடக்கும், துரு முழுதாய்ப் போகாது. அதையும் தொட்டியில் வைத்துச் சூடேற்றவும். அமிலம் நல்ல உலோகத்தையும் கொஞ்சம் தின்னும். ஆகவே சோதனைக்குப் போகாத ஒரு தகட்டையும் கூடவே போட்டு, அதன் நிறையிழப்பை மற்றவற்றிலிருந்து கழியுங்கள்.

அடுத்து நிறுத்தல். மூடுபனி நாளில் குளிர்ந்த தகட்டைத் தராசில் வைத்தால் ஈரம் படிந்து எண் ஏறிக்கொண்டே போகும். ஈரமகற்றியில் (ஈரமுறிஞ்சும் பொருளிட்ட மூடிய பாத்திரம்) வைத்து அறையின் சூட்டுக்கு வந்தபின் நிறுக்கவும்.

கணக்கு: இழந்த நிறையைக் (கிராம்) 87600ஆல் பெருக்கி, பரப்பு (சதுர செ.மீ.) × மணித்தியாலம் × 7.86 (உருக்கின் அடர்த்தி) என்பதால் வகுத்தால் ஆண்டுக்கு மி.மீ. கிடைக்கும். உதாரணமாக 0.050 கிராம் போயிருந்தால் 0.112 மி.மீ.

மூன்று வீதங்களின் இயற்கை மடக்கையை, கெல்வின் வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே குறியுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சாய்வை −8.314ஆல் பெருக்க, ஏவற்சக்தி (தாக்கம் நடக்கத் தேவையான குறைந்தபட்சச் சக்தி) மோலுக்கு யூலில் வரும். வளைந்தால் முதலில் போத்தலின் கரைசல் மட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் எதனோல் குறைந்திருக்கும்.