கும்கி வேறு, கலீம் வேறு

"தோட்டத்துக்குள் மக்னா புகுந்தது" என்று செய்தி வந்தால், மக்னா என்பது அந்த யானையின் பெயர் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தந்தம் முளைக்காத ஆண் யானை எதுவானாலும் அது மக்னாதான். சிறுவர் இதழுக்கு மெய்ப்புப் பார்க்கும் எனக்கு, வகையின் பெயரையும் ஒரே விலங்கின் பெயரையும் கலந்துகொள்ளும் இந்தக் குழப்பம் அடிக்கடி கண்ணில் படும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் அந்த வசதி இல்லை.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. நன்னூல் வழியில் படித்தவர்களுக்கு 'பறவை' பொதுப்பெயர், 'மரங்கொத்தி' சிறப்புப்பெயர். அங்கே சிறப்பு என்பது ஓர் இனத்தைக் குறிக்கும். நாம் இங்கே தேடுவது ஒற்றை உயிருக்கு இட்ட பெயரை. இரண்டும் மோதாதிருக்க அதைத் தனிப்பெயர் என்கிறேன்.

நான் முதலில் கையில் எடுப்பது 'என்ற' என்னும் சொல்லை. காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் பழக்கிய யானை கும்கி. 'கலீம் என்ற கும்கி' என்றால் காதுக்கு இசைகிறது. 'கும்கி என்ற கலீம்' இடறுகிறது. 'என்ற'வுக்கு முன்னால் நிற்பது தனிப்பெயர், பின்னால் நிற்பது பொதுப்பெயர். டாப்சிலிப் அருகே கோழிகமுத்தி முகாமில் கும்கிகள் பல உண்டு. 2023-ல் ஓய்வுபெற்ற கலீம் ஒன்றுதான். அதே ஆண்டு தேனிப் பக்கம் வந்து பிடிபட்ட அரிக்கொம்பனையும் இப்படிச் சோதிக்கலாம். கொம்பன் என்றால் தந்தமுள்ள எந்த ஆண் யானையும் ஆகும். அரிசியைத் தேடித் தின்றதால் முன்னே 'அரி' சேர்ந்தது. சேர்ந்ததும் அது ஒரே யானையின் பெயராகிவிட்டது. பெயர் வந்த காரணம் தெரிகிறதே, ஆகவே பொதுப்பெயர்தான் என்று வாதாடுபவர்களுக்கு இந்த யானையைத்தான் காட்டுவேன்.

'கள்' சேர்த்துப் பார்ப்பது இரண்டாவது வழி. மக்னாக்கள் சரி, அரிக்கொம்பன்கள் தவறு. ஆனால் இதை முழுதாக நம்ப வேண்டாம். நந்தி சிவனின் வாகனத்துக்குத் தனிப்பெயர். கோயில் சிலைகளைச் சொல்லும்போது 'நந்திகள்' என்று தாராளமாக எழுதுகிறோம்.

ஊர்ப்பெயர் ஒட்டியிருந்தால் கவனம் வேண்டும். ராஜபாளையம் ஊராக இருக்கும்வரை தனிப்பெயர். 'அவர் வீட்டில் இரண்டு ராஜபாளையம் இருக்கின்றன' என்றால் அது நாயினம், பொதுப்பெயர். சிப்பிப்பாறை, கோம்பை நாய்களும் காங்கேயம், உம்பளச்சேரி மாடுகளும் இதே கணக்கு. அந்த ராஜபாளையத்துக்குப் 'புலி' என்று பெயரிட்டு, 'புலி குரைத்தது' என்று எழுதினால் புலி அங்கே தனிப்பெயர். சொல்லை மட்டும் வைத்து முடிவுசெய்யாமல் வாக்கியத்தைப் பாருங்கள்.

வினைமுற்றை நம்பாதீர்கள். 'சின்னத்தம்பி வந்துவிட்டான்' என்று யானையைச் சொல்வோர் உண்டு. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பதை உவப்பினால் வந்த திணை வழுவமைதி (அஃறிணையை உயர்திணையாகச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வது) என்று இலக்கணமே ஒப்புக்கொள்கிறது. அது சொல்பவரின் பாசத்தைக் காட்டுமே தவிர, பெயரின் வகையைக் காட்டாது.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும்போது நீலகிரி வரையாட்டில் நீலகிரிக்கு மட்டும் பெரிய எழுத்து போதும். ஆடு சிறிய எழுத்திலேயே இருக்கட்டும். பறவை நூல்கள் சில இனப்பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் தொடங்கும். அது அந்தத் துறையின் வழக்கம்; தேர்வுத் தாளில் வேண்டாம்.