குறைமாதக் குழந்தைக்கு ஒரே நூலில் குல்லா, காலுறை, மேல்சட்டை

என் தங்கைக்கு 32 வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை 1,600 கிராம். கடையில் இருந்ததிலேயே சின்ன செட்டை வாங்கிக்கொண்டு போனோம். குல்லா கண்ணை மூடி மூக்குவரை இறங்கியது, காலுறை கையை எடுத்ததும் கழன்றது. அன்று இரவே ஊசியை எடுத்தேன். நான் முதலில் பின்னிய குல்லாவும் சரியாக வரவில்லை. மூன்றாவதுதான் அவள் தலையில் நின்றது. அந்த மூன்றாவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிட், பர்ல் இரண்டும் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

நூலும் ஊசியும்

4 பிளை பேபி நூல், 50 கிராம் பந்து இரண்டு. செட் முழுக்க ஒரே நிறமாக இருக்கவேண்டும் என்பதால் பந்தின் காகிதத்தில் உள்ள லாட் எண் இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே வெள்ளை என்று நினைத்து வாங்கினால், வெயிலில் வைத்துப் பார்க்கும்போது வித்தியாசம் தெரியும்.

அங்கோரா, மொஹேர் போன்ற ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் வேண்டவே வேண்டாம். அது உதிரும், குழந்தையின் மூக்கில் போகும். சாதாரணக் கம்பளி, வெந்நீரில் துவைத்தால் சுருங்கிவிடும். காட்டன் எனக்குப் பிடிக்கும், ஆனால் இழுத்தால் திரும்பிச் சுருங்காது, குல்லாவின் ஓரம் இரண்டே நாளில் தொளதொளத்துவிடும். அதனால் மென்மையான பேபி அக்ரிலிக்தான் என் தேர்வு. கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள், உறுத்தினால் வாங்காதீர்கள்.

ஊசி 10 நம்பர், அதாவது 3.25 மி.மீ. மூங்கில் ஊசியாக வாங்குங்கள். ஸ்டீல் ஊசியில் கண்ணிகள் வழுக்கி விழும்.

முதலில் 40 கண்ணி போட்டு, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று ஒரு சின்னத் துண்டு பின்னி, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். 28 கண்ணி வரவேண்டும். குறைவாக வந்தால் 11 நம்பர் ஊசிக்கு மாறுங்கள், கூடுதலாக வந்தால் 9. நம் கடைகளில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும்.

குல்லா

32 வாரக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 29 செ.மீ. குல்லா அதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். 74 கண்ணி, 26 செ.மீ.க்குச் சற்றே அதிகம் வரும்.

நான் தடுக்கி விழுந்த இடம் இந்த 74 கண்ணியை ஏற்றுவதில்தான். வழக்கம்போல நூலைக் கட்டைவிரலில் சுற்றி, ஊசியில் இறுக்கி ஏற்றினேன். பின்னல் நன்றாக இழுபட்டது, அடி ஓரம் மட்டும் கயிறு மாதிரி நின்றது. ஒரு மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றினால் குழந்தையின் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு. அந்தத் தோல் அவ்வளவு மெல்லியது. அதைப் பார்த்ததும் பின்னியதை அப்படியே பிரித்துவிட்டேன்.

இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து ஏற்றினால் தளர்ந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். செய்தேன். முதல் வரிசைக் கண்ணிகள் பெரிதாகி அசிங்கமாகத் தொங்கின, ஓரமோ முன்போலவே இறுக்கம். பிரித்து, விரலால் ஓரத்தை இழுத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. கட்டைவிரலில் சுற்றும் நூல்தான் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு அடியில் ஓடுகிறது. ஓரம் எவ்வளவு விரியும் என்பது அந்த நூலின் நீளத்தைப் பொறுத்தது, கண்ணியின் பருமனைப் பொறுத்தது அல்ல. ஆகவே ஒரே ஊசியில், ஒவ்வொரு கண்ணியையும் போட்டதும் அதன் பக்கத்தில் வலது ஆள்காட்டி விரலை வைத்து, சுமார் 3 மி.மீ. இடைவெளி விட்டு அடுத்ததைப் போடுங்கள். ஊசியில் கண்ணிகள் நெருக்கியடித்து நிற்கக் கூடாது. 74 முடிந்ததும் ஓரத்தை இழுத்துப் பாருங்கள். தயங்கினால் அப்போதே பிரித்துவிடுங்கள், பத்து நிமிடம்தான் போகும்.

சரி, இனி வேகமாகப் போகலாம். 2 நிட், 2 பர்ல் என்று மாற்றி மாற்றி, கடைசியில் 2 நிட்டுடன் வரிசை முடியும். மறுபக்கம் 2 பர்லில் தொடங்கி, கண்ணி எப்படித் தெரிகிறதோ அப்படியே. 3 செ.மீ. இப்படி, பிறகு நிட் வரிசை, பர்ல் வரிசை என மொத்தம் 8 செ.மீ. வரும்வரை.

உச்சிக்கு: 1 நிட், பிறகு 7 நிட், 2 கண்ணி சேர்த்து நிட், இதை 8 முறை, கடைசியில் 1 நிட். 66 கண்ணி மிஞ்சும். மறுபக்கம் முழுக்க பர்ல். அடுத்த நிட் வரிசையில் 7க்குப் பதில் 6, அதற்கடுத்து 5 என ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் 10 கண்ணி நிற்கும். நூலை 40 செ.மீ. விட்டு வெட்டி, 10 கண்ணியிலும் கோத்து இழுத்து முடிந்து, அதே நூலால் பின்பக்கத்தைத் தையுங்கள். பக்கத்துக்கு ஒரு கண்ணிதான் தையலுக்குள் போகவேண்டும்.

காலுறை

குதிகால் வைக்காதீர்கள். அளவு தவறினால் அதுதான் முதலில் கழலும். 26 கண்ணி, அதே இடைவெளி விட்டு. 2 நிட், 2 பர்ல், 9 செ.மீ. பிறகு 1 நிட், இரண்டிரண்டாக 12 முறை, 1 நிட். ஒரு பர்ல் வரிசை. மறுபடி எல்லாம் இரண்டிரண்டாக. மிஞ்சும் 7 கண்ணியில் நூல் கோத்து இழுத்துத் தையுங்கள். இதையே 6 செ.மீ. பின்னினால் கையுறை.

தைத்தபின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஒரு நூல்முனைகூடத் தொங்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். தொங்கும் நூல் கால்விரலைச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே நின்றுவிடும், குழந்தை அழுவது ஏன் என்று நமக்குப் புரியாது. ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் பாருங்கள்.

மேல்சட்டை

முன்பக்கம் முழுதாகத் திறக்கவேண்டும். குழந்தையை அம்மாவின் வெற்று நெஞ்சோடு வைத்திருக்கும் கங்காரு பராமரிப்புக்கு அதுதான் வசதி. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970களின் கடைசியில் தொடங்கிய முறை அது. தங்கை தினமும் மணிக்கணக்கில் அப்படித்தான் வைத்திருந்தாள். குல்லா, காலுறை, டயப்பர் மட்டும் போட்டு, சட்டையை இரண்டு பக்கமும் விரித்துவிட்டு.

84 கண்ணி, எல்லா வரிசையும் நிட், 8 செ.மீ. அப்புறம் 21, 42, 21 எனப் பிரித்து மூன்றையும் தனித்தனியாக 6 செ.மீ. வளர்க்கவேண்டும். முன்பக்கத் துண்டுகளில் 4 செ.மீ. ஆனதும் கழுத்துப் பக்கம் 10 கண்ணியை மூடிவிட்டு, மீதி 11ஐத் தொடருங்கள். அந்த 11தான் தோள். முதுகுத் துண்டின் இரண்டு ஓரத்தோடும் அதைத் தைத்தால் சட்டை தயார். கழுத்தருகே நாடா, ரிப்பன் எதுவும் கூடாது. நெஞ்சுப் பக்கம் தட்டையான பட்டன் ஒன்றும் சின்ன நூல் வளையமும் போதும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன் வாசனையில்லாத சோப்பில் துவைத்துக் காயவைத்து, போடலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். பாதத்தில் ஆக்சிஜன் அளக்கும் பட்டை இருந்தால் அந்தக் காலை விட்டுவிடச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தபின், குழந்தை தூங்கும்போது குல்லா வேண்டுமா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான அறையில் குல்லாவோடு தூங்கினால் உடல் சூடேறிவிடும்.

பின்சேர்க்கை: 10 நம்பர் ஊசியில் பின்னியும் குல்லா பெரியவர் தலைக்கு வருகிறது என்று ஒருவர் கருத்தில் எழுதியிருந்தார். அவர் ஊசி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 10 என்றால் 6 மி.மீ. நமது 10க்கு அங்கே 3. வெளிநாட்டு ஊசி என்றால் நம்பரை விட்டுவிட்டு மி.மீ.யை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று: வேறு எடைகளுக்குக் கேட்டிருந்தீர்கள். ஒரு கிலோ குழந்தைக்கு 66 கண்ணி, உச்சிக்கு முன் 7 செ.மீ., குறைக்கும் முதல் வரிசை 6 நிட்டில் தொடங்கும். இரண்டரைக் கிலோவுக்கு 82 கண்ணி, 9.5 செ.மீ., 8 நிட். தையல் தலையில் உறுத்துவதாகத் தெரிந்தால் குல்லாவைத் தையல் வெளியே தெரியும்படித் திருப்பிப் போடுங்கள். எங்கள் குட்டிக்கு முதல் இரண்டு வாரம் அப்படித்தான் போட்டோம்.