கவர்க்கல் மூடுபனிக்கு இரண்டு விளக்குகள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை நான் இருட்டிலும் ஓட்டிவிடுவேன். வயிற்றைக் கலக்குவது அதற்கும் மேலே வரும் கவர்க்கல். ஆடி மாதத்து மாலையில் அங்கே பிரைட் போட்டால், கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டது போலாகிவிடும். அதனால்தான் என் பழைய டீசல் ஜீப்புக்குப் பனி விளக்கு வாங்கினேன். அகலமாகவும் தாழ்வாகவும் ஒளி பரப்பும் வகை அது. தூரத்துக்கு ஒளி பாய்ச்சும் விளக்கு பனிக்குள் பயன்படாது.

முதல் தடவை பொருத்தியவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். ஹெட்லைட் ஒயரைச் சீவி, அதிலேயே இரண்டு விளக்கையும் முறுக்கி டேப் சுற்றினார். ஃபியூஸ் எரிந்ததும் அதைப் பிடுங்கிவிட்டு 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகினார். நானும் சரியென்று தலையாட்டினேன். ஒரு வாரம் கழித்து, அட்டகட்டிக்குக் கீழே இறங்கும்போது ரப்பர் கருகும் வாடை வந்தது. ஸ்டியரிங்கின் பக்கத்து சுவிட்ச் உருகி, ஹெட்லைட்டும் அணைந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்னால் வந்த லாரியின் வெளிச்சத்தில்தான் வண்டியை ஓரம் கட்டினேன்.

இரண்டாம் தடவை நானே செய்தேன். கணக்கு எளிது. 55 வாட் விளக்கு இரண்டுக்கு 110 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல் வரும். ஏற்கெனவே ஹெட்லைட்டைச் சுமக்கும் சுவிட்ச்சின் தலையில் இதையும் ஏற்றக் கூடாது. பேட்டரியிலிருந்து தனி வழி போட்டு, நடுவில் ஒரு ரிலே வைக்க வேண்டும். ரிலே என்பது, உள்ளே இருக்கும் சுருளில் சிறு மின்சாரம் பாய்ந்தால் பெரிய மின்சாரத்துக்கு வழி திறந்துவிடும் சுவிட்ச்.

முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சோம்பல்பட்டு இதை விடுகிறவர்களின் ஸ்பேனர்களில் தீப்பொறி தின்ற தழும்பைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு கால் ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 30க்கு வரட்டும். 87இலிருந்து அதே பருமன் ஒயர் விளக்குகளுக்குப் போகட்டும். 85 எர்த்துக்கு, அதாவது வண்டியின் இரும்பு உடலுக்கு. 86க்கு வருவது மெல்லிய ஒயர்: பார்க்கிங் லைட் ஒயரில் தொடங்கி, டேஷ்போர்டில் வைக்கும் சிறு சுவிட்ச் வழியாக வர வேண்டும். ரிலேயின் சுருளுக்குக் கால் ஆம்பியர்கூடத் தேவைப்படாது, சுவிட்ச் சூடாகாது. மற்ற விளக்குகளை அணைத்தால் இதுவும் அணைந்துவிடும், மறந்துபோய் பேட்டரியைக் காலி செய்ய வழியில்லை. நீங்கள் வைப்பது தூர ஒளி விளக்கு என்றால் 86ஐ பிரைட் ஒயரோடு சேருங்கள். டிம் செய்ததும் தானாக அணைய வேண்டும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புதிய வண்டியாக இருந்தால், வயரிங் படத்தைப் பார்க்காமல் எந்த ஒயரையும் சீவாதீர்கள்.

ஃபியூஸ் 15 ஆம்பியர். அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஃபியூஸ் காப்பது ஒயரைத்தான். விளக்குக்குப் பக்கத்தில் அதை வைத்தால், பேட்டரிக்கும் அதற்கும் இடையே ஒயர் எங்காவது உரசித் தகரத்தைத் தொட்டாலும் எரியாது, ஒயர்தான் எரியும். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வைத்துவிடுங்கள். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், மழைநீர் தேங்காது.

தகரத் துளை வழியே ஒயர் நுழையும் இடங்களில் ரப்பர் வளையம் அவசியம். மற்ற இடங்களில் நெளிவு நெளிவான கறுப்பு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சைலன்சரையும் ஃபேனையும் விட்டு விலக்கிக் கட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றும் வேலையே வேண்டாம். ஒயர் முனையில் லக் என்னும் உலோக முனையை வைத்து நன்றாக நசுக்குங்கள். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்டி, வெள்ளிபோல் இரும்பு தெரிந்த பிறகுதான் போல்ட் முடுக்க வேண்டும்.

இப்போது நெகடிவை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு விளக்கைப் போடுங்கள். மல்டிமீட்டரில் பேட்டரியின் வோல்ட்டையும் விளக்கின் இரு முனைகளுக்கு இடையிலான வோல்ட்டையும் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் முதலில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் போல்ட்டுக்கு அடியில் மிளகளவு பெயின்ட் மிச்சமிருந்தது. அரை மணி நேரம் எரியவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இணைப்பை மறுபடி நசுக்குங்கள்.

பிறகு சமதரையில், சுவருக்கு 25 அடி தள்ளி வண்டியை நிறுத்துங்கள். சுவரில் ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் மைய உயரத்தைவிட 4 அங்குலம் கீழே விழ வேண்டும். ஏற்றத்தில் எதிரே வரும் பஸ் டிரைவரின் கண் உங்கள் கையில் இருக்கிறது. கூரையில் சர்ச் லைட் வரிசை கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 111ஆம் விதி, முன்பக்க ஸ்பாட் லைட்டையும் சர்ச் லைட்டையும் தடை செய்கிறது, விதிவிலக்கு வேண்டுமானால் பதிவு அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

பருவமழை முடிந்ததும் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். லக்கில் பச்சை பூத்திருந்தால் தேய்த்துத் துடைத்து, மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.