டயரை முதலில் முடிவு செய்யுங்கள், சைக்கிளை அப்புறம்

ஸ்பிதி, லடாக் என்று இமயமலைக்கு சைக்கிளில் கிளம்புகிற பிள்ளைகள் பெரம்பூரில் என் வீட்டுக்கு வந்து, "எந்த சைக்கிள் வாங்கலாம், அண்ணா?" என்று கேட்பார்கள். "எந்த டயரில் போகப் போகிறாய்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

ஸ்பிதிக்கு முதல் பயணத்தில் நான் 32 மில்லிமீட்டர் அகல டயரில் போனேன். ஈசிஆரில் மாமல்லபுரம் வரை அருமையாக ஓடிய டயர்தான். குன்சும் கணவாய் இறங்கி, பாதல் தாண்டி கிராம்ஃபூ போகிற வழியில் அப்போது தார் இல்லை. உருண்டைக் கற்களும் குறுக்கே ஓடும் ஓடைகளும்தான். ஒரு கூர்க்கல் டயரின் பக்கவாட்டை இரண்டு விரல் அகலம் கிழித்துவிட்டது. பற்பசை ட்யூபை வெட்டி உள்ளே வைத்து, கோணி ஊசியால் தைத்து, பாதிக் காற்றில் அரை நாள் தள்ளிக்கொண்டு நடந்தேன். அகலமான டயர் வாங்கிப் போடலாம் என்றால் முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கில் இடமே இல்லை. அன்றைக்குப் புரிந்தது, டயர்தான் சைக்கிளைத் தீர்மானிக்கிறது.

கற்பாதைக்கு 50 மில்லிமீட்டர், அதாவது சுமார் 2 அங்குல அகலம் வேண்டும். அதைப் போட்ட பிறகும் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைய வேண்டும், இல்லையென்றால் சேறு அடைத்துக்கொள்ளும். அகல டயரில் காற்றைக் குறைத்து ஓட்டலாம். கை குலுங்காது, ரிம்மும் தப்பிக்கும். மூட்டையோடு போகும்போது நான் வைக்கும் காற்றழுத்தம் பின் டயரில் 45 பிஎஸ்ஐ, முன் டயரில் 35.

சக்கர அளவில் நான் 26 அங்குலத்தின் பக்கம். சிறிய ஊர் கடையிலும் 26 x 1.95 டயர் தொங்கும். ஆனால் 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருந்தால் வாங்காதீர்கள், அது வேறு ரிம்முக்கானது. பக்கவாட்டில் 50-559 மாதிரி ஓர் எண் இருக்கும். அந்த 559, டயர் ரிம்மில் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். அது உங்கள் ரிம்மோடு பொருந்த வேண்டும், அவ்வளவுதான். மடித்து வைக்கக்கூடிய டயர் ஒன்று உபரியாக வரட்டும். ட்யூப் வால்வு மோட்டார் சைக்கிள் வகையாக இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம்.

இப்போது சைக்கிள். ஸ்டீல் ஃபிரேம் வாங்குங்கள். விரிசல் விட்டால் லாரி பட்டறையில் வெல்டிங் வைத்தாவது ஊர் வந்து சேரலாம். கார்பன் ஃபைபர் ஃபிரேமில் அது நடக்காது. முன்னால் சஸ்பென்ஷன் வேண்டாம், அதன் சீல் போனால் மலையில் மாற்ற ஆள் கிடையாது. கேரியர் மாட்ட முன்னும் பின்னும் திருகு ஓட்டைகள் உண்டா என்று கடையிலேயே குனிந்து பாருங்கள். சக்கரத்துக்கு 36 ஸ்போக்ஸ், அதாவது கம்பிகள், இருக்கட்டும். பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் விழுவதால், பெரும்பாலும் அங்கே பல்சக்கரத்தின் பக்கம்தான் ஸ்போக்ஸ் உடையும். அதே நீளத்தில் நான்கு கம்பிகளை ஃபிரேமோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பல்சக்கரத்தைக் கழற்றும் கருவியும் கையில் வேண்டும், அது இல்லாமல் அந்தக் கம்பியை மாற்ற முடியாது.

கியரில்தான் சென்னைக்காரர்கள் ஏமாறுகிறோம். மேம்பாலத்தையும் பரங்கிமலையையும் விட்டால் நமக்கு ஏற்றம் ஏது? முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தில் 22 பல், பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தில் 34 பல் இருக்கிற சைக்கிளைத் தேடுங்கள். அந்த கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டர்கூட வராது. நாலாயிரம் மீட்டருக்கு மேல் மூச்சு வாங்கும்போது அந்த வேகம்தான் உங்களை மேலே கொண்டு போகும்.

வாங்கியதும் மூட்டை முழுவதையும் ஏற்றி மாமல்லபுரம் போய்த் திரும்புங்கள். அப்புறம் அதே பாரத்தோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுங்கள். இறங்கியதும் கேரியர் திருகு ஒவ்வொன்றையும் முறுக்கிப் பாருங்கள். எது தளர்ந்திருக்கிறதோ அதைக் கழற்றி, அடியில் வாஷர் போட்டு மாட்டுங்கள்.