வெயில் சொரசொரப்பு: பயிற்சி மருத்துவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

தோல் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்ததுபோல் செய்கிறார்கள். ‘ஆக்டினிக் கெரடோசிஸ்’ என்னும் இந்தச் சொரசொரப்பு, பல ஆண்டுகள் வெயில்பட்ட நெற்றி, வழுக்கைத் தலை, காது மடல், புறங்கை ஆகிய இடங்களில் வரும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சில மட்டும் செதிள் செல் புற்றுநோயாக, அதாவது ஒருவகைத் தோல் புற்றுநோயாக மாறும். எது மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் சிகிச்சையே. சன்ஸ்கிரீன் உபதேசத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.

கண்ணை மட்டும் நம்புவது

விரலால் தடவுங்கள். பார்வைக்கு லேசான சிவப்பாக இருப்பது, விரல் நுனியில் உப்புத்தாளாக உரசும்.

பயாப்சி (திசுத் துணுக்குச் சோதனை) எடுக்காமல் உறையவைப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. சில நொடிகள் தெளித்தால் மெல்லிய சொரசொரப்பு உதிர்ந்துவிடும். அந்த எளிமைதான் ஆபத்து. காது மடல் ஓரத்தில் தடித்த முடிச்சோடு ஒருவர் வந்தார். வேறோர் இடத்தில் அதைத் திரும்பத் திரும்ப உறையவைத்திருந்தார்கள். மேலே வெளுத்த, வழவழப்பான தழும்பு. அடியில் அழுத்தியதும் மனிதர் துள்ளிவிட்டார். பயாப்சியில் புற்றுநோய், காதின் ஒரு பகுதியையே எடுக்க வேண்டியதாயிற்று. மேல்தோல் ஆறிவிட்டதால் உள்ளே வளர்ந்தது யார் கண்ணிலும் படவில்லை.

அடிப்பகுதி தடித்திருந்தால், தொட்டால் வலித்தால், ரத்தம் கசிந்தால், புண்ணானால், வேகமாக வளர்ந்தால், சிகிச்சைக்குப் பிறகும் திரும்பினால் முதலில் பயாப்சி. அதையும் மேலாகச் சீவி அனுப்பினால் பயனில்லை. கீழ்த்தோலும் சேர்ந்து வந்தால்தான் புற்று உள்ளே ஊடுருவியிருக்கிறதா என்று நோய்க்குறியியல் நிபுணரால் சொல்ல முடியும். உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களிடம் சந்தேகம் இன்னும் சீக்கிரமே வர வேண்டும்.

களிம்பைப் பாதியில் நிறுத்தவிடுவது

இந்தச் சொரசொரப்புக்குக் கொடுக்கும் ஃப்ளூரோயுராசில் களிம்பைத் தடவினால் முகம் சிவந்து, பொருக்குத் தட்டும். மருந்து வேலை செய்கிறது என்று பொருள். இதை முன்னாலேயே சொல்லாமல் அனுப்பிவிட்டு, ‘ஒவ்வாமை’ என்று நோயாளி நிறுத்திவிட்டதாக அவரையே குறை சொல்வது என்ன நியாயம்?

கீழுதட்டை மறப்பது

கீழுதடும் வெயில் வாங்கும் இடம்தான்; அங்கே ஆறாத வெடிப்பும் இதே நோயாக இருக்கலாம். அதற்கு லிப் பாம் மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்.

ஒன்று போனதும் ‘சரியாகிவிட்டது’ என்பது

சுற்றியுள்ள தோலும் அதே வெயிலைத்தான் வாங்கியிருக்கிறது. பக்கத்தில் புதிதாக முளைக்கும். மறுபரிசோதனைத் தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டே அனுப்புங்கள்.